விழுந்த மரத்தின் விலை

எங்கள் தொழிலைப் பற்றி விசாரிப்பவர்கள், "மரம் வெட்டுகிறவர்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அல்ல என்கிறோம். நின்றுகொண்டிருக்கும் பச்சை மரத்தின்மீது எங்கள் வாள் பட்டதில்லை. காற்று சாய்த்தவை, சாலையை அகலப்படுத்தும்போது அகற்றப்பட்டவை, வீடு எழுப்புவதற்காக உடையவரே பெயர்த்துப் போட்டவை, வேர் அழுகிப் பட்டுப்போனவை ஆகிய மரங்களையே நாங்கள் தேடிப் போகிறோம். அவற்றைப் பலகையாக அறுத்து, உலர்த்தி, கேட்பவர் கேட்ட அளவில் மேசையாகவும் கட்டிலாகவும் அலமாரியாகவும் செய்து கொடுக்கிறோம். உடன்பிறந்தார் இருவர், தச்சர் மூவர், அறுவை இயந்திரத்தில் நிற்கும் இளைஞர் ஒருவர் என ஆறு பேருடைய குடும்பங்கள் அந்த வருவாயில் நடக்கின்றன.

இதைக் கேட்டவுடன், "அடுப்புக்குப் போக இருந்த மரத்துக்கு வாழ்வு கொடுக்கிறீர்கள், நன்மையான தொழில்" என்று பலரும் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டை முழுமையாக ஏற்றுக்கொள்ள எங்களால் இயலவில்லை. விழுந்த மரத்தைத் தேடிப் போகிறவன், அதன் அருகே திகைத்து நிற்கும் மனிதரையும் தேடித்தான் போகிறான். அவருடைய வாசலில் நின்று விலை பேசுகிறான். அந்த விலை எப்படிப்பட்டது என்பதில்தான் இத்தொழிலின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. ஒரு வாகை மரத்தின் வாயிலாக நாங்கள் இதைக் கற்றுக்கொண்டோம். கற்ற விதம் எங்களுக்குப் பெருமை தருவதன்று. எனினும் எழுதிவிடுவதே நல்லதென்று தோன்றுகிறது.

எங்கள் வாப்பா அவர்கள் முத்துப்பேட்டை வட்டாரத்தில் மரவாடி வைத்திருந்தார்கள். தேக்கும், கப்பலில் வந்து இறங்கும் அயல்நாட்டு மரமும் வாங்கிக் கன அடிக் கணக்கில் விற்பதே அவர்கள் தொழில். இந்தக் கரையோர ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று பொருள் ஈட்டியவர்கள் கட்டிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களை இன்றும் காணலாம். அதனால் நல்ல மரம் என்றால் கடல் கடந்து வருவது என்பது ஊராரின் எண்ணமாக நிலைத்துவிட்டது. வாசலில் நிற்கும் பூவரசும் வாகையும் வேம்பும் அவர்கள் கண்ணுக்கு நிழல், விழுந்தால் விறகு.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகச் செய்யப்பட்ட மிம்பர் எந்த மரத்தால் ஆனது என்பதை ஹதீஸ் நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. மதீனாவை அடுத்த காபா என்னும் இடத்தில் விளைந்த 'அத்ல்' மரம் அது. நம் கடற்கரை மணலில் சவுக்கு நிற்பதுபோல் அங்கே பாலை மணலில் நிற்கும் எளிய மரம். அதைக் கொண்டுதான் ஒரு தச்சர் மூன்று படிகள் அமைத்தார். உலகின் மிக உயர்ந்த சொற்கள் ஒலித்த மேடைக்கு உள்ளூர் மரம் போதுமானதாக இருந்தது. இந்தச் செய்தியை வாப்பா அடிக்கடி சொல்வார்கள். சொன்னார்களே தவிர, அவர்களும் உள்ளூர் மரத்தை வாடிக்குள் ஏற்றியதில்லை.

அவர்கள் எங்களுக்கு விட்டுச் சென்றது வாடியும் ஓர் அளவு நாடாவும். உருட்டு மரத்தை அளக்கும் முறை இதுதான்: நடுப்பகுதியின் சுற்றளவை நான்கால் வகுக்க வேண்டும், வந்ததை அதனாலேயே பெருக்க வேண்டும், பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 8 அடி, நீளம் 12 அடி என்றால், 2 பெருக்கல் 2 பெருக்கல் 12, ஆக 48 கன அடி. உண்மையில் அந்த உருளைக்குள் ஏறத்தாழ 61 கன அடி மரம் இருக்கிறது. மிச்சமுள்ள 13 கன அடி, பட்டைக்கும் புறத்துண்டுக்கும் மரத்தூளுக்கும் என்று வழக்கத்தில் விடப்படுகிறது. இந்தக் கழிவை விற்பவரும் அறிவார், வாங்குபவரும் அறிவார். "இருவரும் அறிந்த கழிவில் பாவமில்லை; ஒருவர் மட்டும் அறிந்த கழிவுதான் நெருப்பு" என்பது வாப்பாவின் பாடம். அளவில் குறைப்போரின் பெயராலேயே திருமறையின் 83ஆவது அத்தியாயம் அமைந்திருப்பதையும் அவர்கள் நினைவூட்டத் தவறியதில்லை. நாடாவைப் பிடிக்கும் கை எங்களுக்கு எளிதில் பழகிவிட்டது. பாடம் பழகுவதற்கு நாளாயிற்று.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடிவதற்கு முன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலையும் 1977ஆம் ஆண்டுப் புயலையும் கண்ட முதியவர்கள்கூட இந்தக் காற்றின் இரைச்சலைக் கேட்டு விளக்கருகே உட்கார்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது ஊரை அடையாளம் காண முடியவில்லை. தெருவைத் தெருவாகக் காட்டிக்கொண்டிருந்தவை மரங்களே என்பது அன்றுதான் தெரிந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வாரிப் போட்டாற்போல் கிடந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தில் பலாவுக்குப் பேர்போன சிற்றூர்களில் பல தலைமுறை கண்ட பலா மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மின்சாரம் திரும்பி வர எங்கள் பகுதியில் வாரக் கணக்காயிற்று.

ஒரே இரவில் இத்தனை மரம் விழுந்தால் மரத்தின் விலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் லாரிகள் வந்து நின்றன. எல்லா மரமும் டன் கணக்கில் விறகாகவே விலை பேசப்பட்டன. வாசலை அடைத்துக் கிடக்கும் மரத்தை எடுத்துப்போனால் போதும் என்று, விலை கேளாமலே கொடுத்தவர்கள் பலர். அப்புறப்படுத்துவதற்குக் கைக்காசு கொடுத்தவர்களும் உண்டு. தென்னைக்கு, அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. வாசலில் நிழலுக்கு நின்ற மரத்தைக் கணக்கெழுத எங்கள் தெருப்பக்கம் எவரும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் தொழில் பிறந்தது. பூவரசும் வாகையும் செங்கல் சூளைக்குப் போவதைக் காணப் பொறுக்கவில்லை. வீண்விரயம் ஷைத்தானின் தோழமை என்று படித்தவர்கள் அல்லவா? கையிலிருந்த பணத்தையும், வாடிமேல் வாங்கிய கடனையும் கொண்டு விழுந்த மரங்களை வாங்கத் தொடங்கினோம். நோக்கம் நல்லதாகவே இருந்தது. நோக்கம் நல்லதாக இருக்கும்போது விலையில் கண் வைக்கத் தோன்றாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தொல்காப்பியர் தம் மரபியலில் தென்னை போன்றவற்றைப் புல் என்றும், மற்றவற்றை மரம் என்றும் பிரிக்கிறார். புல்லுக்கு வைரம் புறத்தே; மரத்துக்கு வைரம் அகத்தே. வாள் பிடித்தவனுக்கு இது ஏட்டு இலக்கணம் அன்று. தென்னையின் வெளிப்புறம் வாளின் பல்லை மழுங்கச் செய்யும். நடுப்பகுதி சோறுபோல் உதிரும். வாகையோ இதற்கு நேர்மாறு. வெளியே வெளுத்த வெளிறு, விரலளவுக்கும் மேலே தடித்து நிற்கும். வண்டு முதலில் அதைத்தான் துளைக்கும். உள்ளே கரும்பழுப்பு வைரம், அதில் இன்னும் கருத்த கோடுகள். வெள்ளையர் இதை வால்நட் மரத்துக்கு ஒப்பாகக் கருதி, கிழக்கிந்திய வால்நட் என்றே பெயரிட்டு வாங்கினார்கள். ஆக, தென்னையின் மதிப்பை எவரும் தொட்டுப் பார்த்து அறியலாம். வாகையின் மதிப்பை அறிந்தவன் மட்டுமே அறிவான்.

எங்கள் ஊரின் மேலண்டைத் தெருவில் கணவரை இழந்த மாமி ஒருவர் இருக்கிறார். பீடி சுற்றியும், வெளிநாட்டில் கூலி வேலை பார்க்கும் மகன் அனுப்புவதைக் கொண்டும் காலம் தள்ளுபவர். அவர் வீட்டு வாசலில் நின்ற வாகை, புயலன்று வேரோடு சாய்ந்து, முன்கூரை ஓடுகளை நொறுக்கி, வாசலை அடைத்துக் கிடந்தது. நாங்கள் போனபோது அவர் பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து பேசினார். முறிந்த பெருங்கிளை ஒன்றின் வெட்டுவாய் எங்கள் கண்ணெதிரே இருந்தது. நடுவே, உள்ளங்கை விரித்தாலும் மறையாத அகலத்துக்குக் கருத்த வைரம். நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். ஒருவரையொருவரும் பார்த்துக்கொண்டோம்.

"எவ்வளவு தருவீங்க தம்பி?" என்று மாமி கேட்டார்.

"விறகுக்குத்தான் ஆகும் மாமி. 2,000 ரூபாய் தர்றோம். அள்ளுற செலவு எங்களுது" என்றோம்.

"வாசல் தெறந்தாப் போதும். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். பிறகு, "காத்தடிச்சா அந்த நெத்துக் கலகலங்கும். அந்தச் சத்தம் இல்லாம ரெண்டு நாளாத் தூக்கம் வரலை" என்று தனக்குள் பேசிக்கொள்வதுபோல் சொன்னார். பொக்லைன் வைத்துத் தூக்கி, டிராக்டரில் ஏற்றினோம். வாடியில் இறக்கி நாடா பிடித்தபோது அடிமரத்தின் சுற்றளவு 8 அடி, நீளம் 12 அடி. மேலே நாங்கள் சொன்ன 48 கன அடிக் கணக்கு அந்த மரத்தினுடையதே.

மின்சாரம் வந்து, இயந்திரம் பூட்டி, 2019ஆம் ஆண்டு சனவரியில் அதை அறுத்தோம். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது. வாயை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு இரண்டங்குலக் கனத்தில் பலகைகளாக்கினோம். முதற்பலகை புரண்டு விழுந்தபோது வேலையாட்கள் அனைவரும் வாளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அத்தனை அழகு.

பச்சைப் பலகை உடனே மேசையாகிவிடாது. மரத்தின் ஈரம் ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். அகலவாட்டில் மிகுதி; அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வினால்தான் பலகை கோணுகிறது, முறுக்குகிறது, வெடிக்கிறது. அவசரப்பட்டு வெயிலில் போட்டவன் விறகைத்தான் எடுப்பான். நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை நேர்க்கோட்டில் வைத்து, முனைகளில் வண்ணம் பூசி அடுக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. வெளிறைக் காக்க, போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரைப் பூசுகிறோம். முன்னோர்கள் பூவரசையும் வேம்பையும் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்டதும் உளுக்காமல் இருப்பதற்காகத்தான்.

இரண்டாண்டு காத்தோம். அதற்குள் வெளிறில் ஒரு பகுதியை வண்டு தின்றது. இரண்டு பலகைகள் வெடித்தன. எஞ்சியவற்றில், ஒட்டுப்போடாத ஒற்றைப் பலகைகள் இரண்டைச் சேர்த்துச் சென்னையில் ஒரு வீட்டுக்காகச் சாப்பாட்டு மேசை செய்தோம். விலை 60,000 ரூபாய். அதுவரை நாங்கள் செய்தவற்றில் அதுவே சிறந்தது.

2021ஆம் ஆண்டு ரமளானுக்கு முந்திய ஷஃபான் மாதம். மேசைக்கு மெருகு ஏற்றி, லாரிக்காகக் காத்திருந்த நேரம் அந்த மாமி பட்டறைக்கு வந்தார். பேத்தி மதரஸாவில் குர்ஆன் ஓதத் தொடங்கியிருக்கிறாள், அவளுக்கு ஒரு ரைஹால் வேண்டும் என்றார். பேசிக்கொண்டே மேசையின்மேல் கையை வைத்தார். கை அந்தக் கோடுகளின் மேலே மெல்ல நகர்ந்தது.

"இது என்ன மரம் தம்பி?"

"வாகை மாமி."

"எங்க வாசல்லயும் ஒண்ணு நின்னுச்சுல்ல" என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஐயமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. விறகாகப் போன தம் மரத்தை நினைத்துச் சொன்னார். அந்த நேரத்தில் எங்கள் நா எழவில்லை. ரைஹாலுக்கு அளவு குறித்துக்கொண்டு அனுப்பி வைத்தோம்.

அன்றிரவு வாடியைப் பூட்டிய பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. இளையவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: நாங்கள் களவாடவில்லை. அவர் ஒப்பிக் கொடுத்தார். மற்ற லாரிக்காரர்கள் 1,000 ரூபாய்க்குக் கேட்ட மரம். அறுத்த கூலி, இரண்டாண்டு காத்த காப்பு, வண்டு தின்ற இழப்பு, தச்சரின் கைத்திறன் ஆகியவை சேர்ந்துதான் 60,000. மூத்தவர் ஒன்றுதான் கேட்டார்: "விறகுக்குத்தான் ஆகும்னு சொன்னோமே, அதுக்கு எந்தக் கூலி?" பதில் கிடைக்கவில்லை. மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம்.

ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். "விற்றவர் மனம் ஒப்பி விற்றிருக்கிறார், நீங்கள் விலை கொடுத்திருக்கிறீர்கள், வியாபாரம் கூடிவிட்டது. பொருள் உங்களுடையதுதான்" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. உடனே, "விறகுக்கு மட்டுமே ஆகும் என்று சொன்னது யார்?" என்றார். நாங்கள்தான் என்றோம். "விறகன்று என்பது அப்போது தெரியுமா?" தெரியும் என்றோம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு வரலாற்றைச் சொன்னார்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உடையவரையும் உடனழைத்து வந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்தார். இது அதற்கு மேலும் பெறும், 400க்குத் தருகிறீரா என்று உடையவரிடம் தாமே கேட்டார். அவர் இசைந்தார். இதற்கும் மேலே பெறும் என்று நூறு நூறாக உயர்த்தி, முடிவில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கிக்கொண்டார். காரணம் கேட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் தாம் வாக்குக் கொடுத்திருப்பதைக் கூறினார்.

"விற்பவன் குறையை மறைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவன் நிறையை மறைத்தால் என்ன என்று ஜரீர் (ரலி) கேட்டுக்கொண்டார்கள். நலம் நாடுவதைக் கலிமா சொன்னவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஃபத்வா கேட்டு வந்தீர்கள், சொல்லிவிட்டேன். மிச்சத்தை உங்கள் உள்ளத்திடம் கேளுங்கள்" என்று ஹஜ்ரத் எழுந்துவிட்டார்.

கணக்குப் போட்டோம். புயல் இல்லாத நாளில் அப்படியொரு வாகையை வாங்கியிருந்தால் கன அடிக்கு 250 ரூபாய் வீதம் 48 கன அடிக்கு 12,000 ரூபாய் கொடுத்திருப்போம். கொடுத்தது 2,000. மீதி 10,000. அதை எடுத்துக்கொண்டு மேலண்டைத் தெருவுக்குப் போனோம்.

"இது என்ன காசு தம்பி?"

"வாகை மரத்துப் பாக்கி மாமி."

"அதான் அன்னைக்கே குடுத்துட்டீங்களே."

நடந்ததைச் சொன்னோம். பட்டறையில் அவர் கை வைத்த மேசை எது என்பதையும் சொன்னோம். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மாமி."

அவர் எங்களைப் பார்க்காமல் முன்கூடத்துச் சுவரைப் பார்த்தார். அது பாதிக்கு மேலே சரிந்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடப்பட்டிருந்தது. "அன்னைக்கு இந்தக் காசு இருந்திருந்தா ஓடு மாத்தியிருப்பேன். தார்ப்பாயைப் போட்டே ரெண்டு வருஷம் ஓட்டுனேன். போன டிசம்பர் புரெவி மழையில தண்ணி எறங்கி, இந்தச் சுவரு விழுந்துருச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல்.

"ஹலால் பண்ணிடுங்க மாமி" என்று கேட்டோம். அவர் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். "காசுக்கு ஹலால் பண்ணிட்டேன். சுவருக்கு அல்லாஹ்கிட்ட கேளுங்க" என்றார்.

அந்தச் சொல்லோடு நாங்கள் வெளியே வந்தோம். சுவரை எடுத்துக் கட்டக் கொத்தனாரை அனுப்பினோம். மகன் அனுப்பும் பணத்தில் கட்டிக்கொள்வதாகச் சொல்லி மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டார். கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்காத பணம், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அந்த நாளுக்குப் போய்ச் சேர்வதில்லை. நாங்கள் திருப்பிக் கொடுத்தது 10,000 ரூபாய். அவர் இழந்தது ஒரு சுவர். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கணக்கு இன்னும் தீரவில்லை.

அன்று முதல் எங்கள் பட்டறையில் ஒரு பேரேடு இருக்கிறது. மரம் பார்க்கப் போகும்போது உடையவர் முன்னிலையில் நாடாவைப் பிடிக்கிறோம். மரத்தின் பெயர், சுற்றளவு, நீளம் ஆகியவற்றை எழுதுகிறோம். விறகாக விற்றால் என்ன கிடைக்கும், பலகைக்கு என்றால் என்ன பெறும் என்று இரண்டு விலையையும் எழுதிக் காட்டுகிறோம். பிறகு அவர் விருப்பம். பலகை விலைக்கு எங்களுக்கே விற்கலாம். அல்லது அறுவைக் கூலி மட்டும் கொடுத்துப் பலகைகளைத் தாமே வைத்துக்கொள்ளலாம். அல்லது பாதிப் பலகை அவருக்கு, பாதிப் பலகை கூலிக்கு ஈடாக எங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவை என்றால் வனத்துறையின் உத்தரவு இல்லாமல் கை வைப்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இதனால் இலாபம் மெலிந்தது உண்மை. பழம் புளிய மரம் ஒன்றைப் பலகை விலைக்கு வாங்கி அறுத்தோம். நடுவே ஆள் நுழையும் பொந்து. அதற்குள் எறும்புப் புற்று. ஓர் அம்மிக்குழவி அளவுக்குக்கூட நல்ல மரம் தேறவில்லை. உடையவர் கேள்விப்பட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக வந்தார். நாங்கள் வாங்கவில்லை. உள்ளே நல்லது இருந்தால் எங்களுடையது, கெட்டது இருந்தால் உங்களுடையது என்பது வியாபாரம் ஆகாது. இன்னொரு முறை, வீட்டு வேம்பு ஒன்றில் புதைந்து கிடந்த கொக்கி ஒன்று புதிய வாளை முறித்துவிட்டது. இரும்பைச் சுற்றி மரம் நீலங்கலந்த கருமையாகக் கறைபட்டிருந்தது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடலாம் என்றபோது, உடையவரான முதியவர் தடுத்தார். பிள்ளைகளுக்குத் தூளி கட்ட அவரே அடித்த கொக்கியாம் அது. கறையோடு சேர்த்துப் பெஞ்சு செய்து கேட்டார், செய்து கொடுத்தோம்.

இப்படி மெலிந்தும் தொழில் நின்றுவிடவில்லை. இரண்டு விலையையும் சொல்கிறவர்கள் என்ற பெயர் ஊர் ஊராகப் போயிருக்கிறது. மரம் விழுந்தால் லாரிக்காரருக்கு முன்னே எங்களைக் கூப்பிடுகிறார்கள். தம் வாசல் மரத்தைத் தம் வீட்டுக் கதவாகவும் கட்டிலாகவும் மாற்றிக்கொள்கிறவர்களே இப்போது எங்கள் வாடிக்கையாளரில் பெரும்பாலோர். பரக்கத் எந்த வழியாக வருகிறது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மாமி கேட்ட ரைஹாலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ரைஹால் இரண்டு பலகைகளைக் கீல் வைத்து இணைப்பதன்று. ஒரே பலகையை, கனத்தின் நடுவே இரு பக்கமிருந்தும் பிளந்து, இடையில் பல்லும் பல்லும் கோத்தாற்போல் கீலையும் அதிலேயே குடைந்து எடுக்க வேண்டும். ஆணியில்லை, பசையில்லை. விரித்தால் குர்ஆனைத் தாங்கி நிற்கும். மடித்தால் மீண்டும் ஒரே பலகை. அந்த வாகையில் மேசைக்குப் போக மிஞ்சிய துண்டு ஒன்று இருந்தது. எங்கள் மூத்த தச்சர் நான்கு நாள் உட்கார்ந்து அதைக் குடைந்தார்.

ரமளான் பிறக்க இரண்டு நாள் இருக்கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். "இது உங்க வாசல் மரம்தான் மாமி. செஞ்ச கூலி மட்டும் 300 ரூபாய். மரம் உங்களுது" என்றோம்.

மாமி ரைஹாலை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். பேத்தியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மரத்தைத்தான் வித்துட்டேனே. பாக்கியும் வாங்கிட்டேன். மரத்துக்கும் சேத்து வெலை சொல்லுங்க. சரியாச் சொல்லுங்க."

உலர்ந்த பலகை விலைப்படி மரத்துக்கு 150 என்றோம். 450 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். குறைத்துக் கேட்கவில்லை, கூட்டியும் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினோம். வாகை நின்ற இடத்தில் சுற்றிலும் முள் கட்டி, ஒரு கன்று வைத்திருந்தார்கள்.